தேநீரில் ஊறிய மீனும் ஏகமனதான தீர்மானமும்

மீன் ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ச்சி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே நடப்பது கொள்முதல். மிச்ச நேரத்தில்தான் மற்றதெல்லாம்.

அங்கே ஓர் ஆய்வாளர் அம்மா இருந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் பிறந்த மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்குப் போடுகிறாள்; அம்மாவின் பணி மட்டும் இன்னும் தற்காலிகம். அந்த வயிற்றெரிச்சலிலும் அவர் அந்த நிலையத்தில் நடக்கக் கூடாத ஒரு காரியத்தைச் செய்துவிட்டார். உருப்படியாக ஒன்றைக் கண்டுபிடித்தார்.

தேயிலையில் பாலிஃபீனால் என்றொரு சமாச்சாரம் இருக்கிறது. டீ துவர்ப்பதற்கு அதுதான் காரணம். நீர்த்த தேயிலைச் சாற்றில் மீனை முக்கினால், அது மீனின் தசைப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. மீன் சீக்கிரம் நாறுவதில்லை, சதையும் உதிர்வதில்லை. ஆனால் சாறு கெட்டியானால் வந்தது வினை. புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கக்கிவிட்டு இறுகிவிடும். தோலைப் பதனிட்டுச் செருப்புக்குத் தயார் செய்வதும் இதே துவர்ப்பின் வேலைதான் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார். கடைசிப் பக்கம் வரை படிப்பது இயக்குநர் பதவிக்கு அழகல்ல.

இயக்குநர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒரு கூடை மீனுக்கு ஒரு கைப்பிடித் தேயிலைதானா?"

"ஆமா சார். அதுக்கு மேல போனா இறுகிடும்."

இயக்குநர் எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினார். முற்றம் முழுக்கத் தேயிலை மூட்டை. வண்டி நிறுத்த இடமில்லாமல் ஊழியர்கள் தெருவில் நிறுத்தியிருந்தார்கள்.

"திட்டத்துக்கு ஒப்புதல் வந்ததுமே வாங்கியாச்சு. நிதியாண்டு முடியறதுக்குள்ள தீத்தாகணும். கைப்பிடி கைப்பிடியா போட்டா என் பேரன் ரிட்டயர் ஆனாலும் தீராதும்மா."

"மீதியைத் திருப்பிக் குடுத்துடலாமே சார்."

"திருப்பிக் குடுத்தா தேவைக்கு மேல வாங்கிட்டோம்னு ஆயிடும். தேவையை உசத்துங்க."

ஆகவே விஞ்ஞான முறைப்படி அளவு மாற்றியமைக்கப்பட்டது. இருக்கிற மூட்டைகளை இருக்கிற மீன்களால் வகுத்தார்கள். வந்த விடை, பரிந்துரைக்கப்பட்ட அளவு.

ஊறி வெளியே வந்த மீன் பழைய பெல்ட் நிறத்தில் இருந்தது. உதவியாளர் கை தவறிக் கீழே போட்டார். அது எகிறிப் போய் மேஜைக்கடியில் நின்றது. சதையின் உறுதியை அளக்கும் கருவியில் வைத்தார்கள். முள் கடைசி வரை போய்ச் சாய்ந்தது, திரும்பவில்லை.

"உடைஞ்சுபோச்சு சார்," என்றார் ஆய்வாளர்.

"மீனா?"

"கருவி."

"அப்ப நம்ம மீன் கருவியையே ஜெயிச்சிருக்கு. அறிக்கையில அதை அழுத்திச் சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க பணி நிரந்தர உத்தரவு என் மேஜையிலதான் இருக்கு. சுவைக் குழுக் கூட்டம் நல்லபடியா முடியட்டும், கையெழுத்துப் போட்டுடறேன்."

ஆய்வாளருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேலை போனால் போகட்டும், கூட்டத்தில் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். பேச வேண்டியதைப் பேருந்தில் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

கூட்டத்தில் எல்லோர் முன்னும் தட்டு வைக்கப்பட்டது. ஆய்வாளர் எழுந்து நின்றார். "சார், இந்த மீனைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"சாப்பிடாம கருத்துச் சொல்றது விஞ்ஞானமாம்மா? முதல்ல ஒரு துண்டு வாயில போடுங்க."

நியாயமாகத்தான் பட்டது. போட்டார். மென்றார். மற்றவர்களும் மென்றார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் மடித்து வைத்துவிட்டு, கடமை தவறாமல் ஈறால் தொடர்ந்தார்.

தட்டைத் தொடாத இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆட்சேபனை உள்ளவங்க இப்பவே சொல்லலாம்."

அறை முழுக்கத் தாடை அசையும் சத்தம்.

"ஏகமனதாக ஏற்கப்பட்டது."

ஆய்வாளர் அன்றே நிரந்தரமானார்.

மீன் சந்தைக்கு வந்தது. வெறும் மீனாக விற்றிருந்தால் நாலு பேர் திட்டியிருப்பார்கள். டப்பாவில் 'தாடைப் பயிற்சி தரும் மூலிகை மீன்' என்று அச்சடித்து விலையை மூன்று மடங்காக்கியதும் படித்தவர்கள் வரிசையில் நின்றார்கள். மெல்லுவதற்கென்று சங்கம் வைத்தார்கள், ஒரே நிற பனியன் போட்டுக்கொண்டு பூங்காவில் வட்டமாக உட்கார்ந்து மென்றார்கள். நிலையத்துக்குப் புகார் சொல்லப் போனவர்களிடம், எந்த டப்பாவில் குறை என்று முதலில் ருசித்துக் காட்டச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வாளர் வீட்டுக்கு நாத்தனார் வந்தார், கையில் அந்த டப்பாவோடு. "அண்ணி, உங்க மீன்தான். எங்க தெருவுல இதைச் சாப்பிடாதவங்களை ஒரு மாதிரி பாக்கறாங்க."

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அன்றைக்குத்தான் ஆய்வாளர் கணவரிடம் கூட்டத்தில் நடந்ததை முழுசாகச் சொன்னார். கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாயில இருந்தா என்ன? துப்பிட்டுப் பேசியிருக்கலாமே?"

"பேசியிருக்கலாம்தான். யாருமே துப்பலைங்க. நான் மட்டும் எப்படித் துப்பறது?"

"நானா இருந்தா துப்பியிருப்பேன்," என்று சொல்லிவிட்டு, கணவர் முதல் துண்டை வாயில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. துப்புவதற்குத் தட்டின் ஓரத்தைப் பார்த்தார். எதிரே தங்கை மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மகள் மென்றுகொண்டிருந்தாள்.

அவரும் மென்றார்.