கணினிக்குள் ஒரு தனிக்குடித்தனம்

தனிக்குடித்தனம் போய்விடுவது என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்துவிட்டார்.

பதற வேண்டாம். மனைவியை விட்டு அல்ல. மனைவியின் கணினிக்குள்ளேயேதான்.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் கண்ணாடிக்காரர்தான். அவர் கடையில் இருக்கும் கண்ணாடிக்கெல்லாம் பவர் உண்டு. வீட்டில் அவருக்குத்தான் பவர் கிடையாது. அவர் மனைவி கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். கூடத்து ஜன்னலோரம் அவள் மேசை; மேசைமேல் அந்தக் கணினி. எந்தச் சுவர் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவள் சொன்னால் சொன்னதுதான். கட்டடத்தில் மட்டுமா?

கண்ணாடிக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. ரயில் ஓட்ட வேண்டும். நிஜ ரயில் அல்ல, கணினியில் ஓட்டும் விளையாட்டு ரயில். சிக்னல் பார்த்து, ஊதல் ஊதி, பாலம் தாண்டி, பிளாட்பாரத்தில் கச்சிதமாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கடைக்கு வந்த ஒருவர் இதைக் காட்டியதிலிருந்து மனிதருக்குத் தூக்கத்தில்கூட 'கூ' என்று வருகிறது. ஆனால் மனைவியின் கணினியில் அதை ஏற்றப் போனால், 'நிர்வாகியின் அனுமதி தேவை' என்று திரை முறைக்கும். நிர்வாகியோ பக்கத்திலேயே நின்று முறைப்பாள்.

"ஒரே ஒரு விளையாட்டும்மா..."

"போன தடவையும் ஒரே ஒரு விளையாட்டுன்னுதான் ஏத்தினீங்க. அப்புறம் நான் படத்துல மாடிப்படியைத் தொட்டா சீட்டாட்ட விளம்பரம் வந்துச்சு."

"அது வைரஸ் பண்ண வேலை."

"வைரஸைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தது யாரு?"

கண்ணாடிக்காரர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் மனசு மூடிக்கொள்ளவில்லை. விசாரித்தார். இரண்டாவதாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி அதே கணினிக்குள் மாட்டி, அதில் தனியாக ஒரு இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டால் போதுமாம். அவள் டிஸ்க்கில் அவள் ராஜ்யம், இவர் டிஸ்க்கில் இவர் ராஜ்யம். திரையும் விசைப்பலகையும் மட்டும் பொது. ஒரே வாசல், இரண்டு குடித்தனம். கேட்கவே காதுக்குள் ஊதல் ஊதியது.

டிஸ்க்கை வாங்கி, கண்ணாடி பிரேம் வரும் அட்டைப்பெட்டி ஒன்றில் ஒளித்து அலமாரி உச்சியில் வைத்தார். அடுத்து, துணைக்கு ஆள். மாடி வீட்டுக்காரரைப் பிடித்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திரம் என்றால் ஒரே இனம்தான், ஒன்றைத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் சித்தாந்தம்.

"இயங்குதளம்னு சொல்றாங்க, சார். உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன கேள்வி இது? இயங்குற தளம்னா லிஃப்ட்தானே! முப்பது வருஷம் அதுலதான் இருந்தேன்."

"வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது."

"என் வாயிலேர்ந்து ஒரு சொல் வராது."

பிறகு மனைவியை வீட்டைவிட்டு வெளியே அனுப்பும் படலம். ஒரு வாரமாகக் கண்ணாடிக்காரர் பாத்திரம் கழுவினார். கேட்காமலே துணி மடித்தார். சாம்பாரில் உப்பு இல்லாதபோதும் 'அருமை' என்றார்.

"உங்க அக்காவைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! ஞாயித்துக்கிழமை போய் நிம்மதியா இருந்துட்டு வாயேன்."

"எங்க அக்கா பேரைச் சொன்னாலே உங்களுக்குத் தலைவலி வருமே?"

"இப்போ வர்றதில்ல. பவர் மாத்திட்டேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சரி என்றாள். ஞாயிறு காலை பெரிய கைப்பையை மாட்டிக்கொண்டு செருப்புப் போடும்போது மட்டும் ஒன்று சொன்னாள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் படத்தைக் கொடுக்கணும். கணினிப் பக்கம் போயிடாதீங்க."

"என்னைப் பார்த்தா போறவன் மாதிரியா தெரியுது?"

"தெரியுதுங்க. கண்ணாடி போடாமலே தெரியுது."

அவள் தெருமுனை திரும்பியதும் மாடி வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கிவிட்டார். கணினிப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு டிஸ்க் சாதுவாக உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே புதியதை மாட்டி ஒயர்களைச் செருகினார்கள். இயங்குதளம் இருந்த பென் டிரைவைச் சொருகி, பொத்தானை அழுத்தினார் கண்ணாடிக்காரர். வணக்கம் சொன்னது. மொழி கேட்டது. பிறகு கேட்டதே ஒரு கேள்வி, அங்கேதான் வண்டி நின்றது.

'எந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டும்? தேர்ந்தெடுத்த டிஸ்க்கில் இருப்பவை அனைத்தும் அழிக்கப்படும்.' கீழே இரண்டு வரி. டிஸ்க் 0. டிஸ்க் 1. இரண்டுக்கும் ஒரே அளவு.

"இது டிஸ்க் இல்ல சார், ரிஸ்க்" என்றார் கண்ணாடிக்காரர். "எது அவளோடது? எது என்னோடது?"

"பதறாதீங்க. லிஃப்ட்ல பூஜ்யம்னா என்ன?"

"என்ன?"

"தரைத்தளம். வாசல். இன்னும் மேல ஏறலைன்னு அர்த்தம். இன்னிக்கு வந்தது எங்க நிக்கும்? வாசல்லதான் நிக்கும். பழசு ஏறி மேல ஒண்ணுல குடியிருக்கு. பூஜ்யத்தை அழுத்துங்க."

கண்ணாடிக்காரருக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது. கெட்ட நேரம் வந்தால் எல்லாவற்றிலும் நியாயம் தெரியும். பூஜ்யத்தை அழுத்தினார். 'நிச்சயமாகவா?' என்றது. 'ஆம்' என்றார். கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு உறுதியாக ஆம் சொன்னதில்லை.

நீலக்கோடு மெல்ல நகர்ந்து மெல்ல நிறைந்தது. புதிய திரை விடிந்தது. யாருடைய அனுமதியையும் கேட்காமல் ரயில் உள்ளே ஏறியது. கண்ணாடிக்காரர் ஊதல் ஊதினார். மாடி வீட்டுக்காரர் கொடி அசைப்பதுபோல் துண்டை அசைத்தார். இரண்டு நிலையம் தாண்டிய பிறகு, பக்கத்துக் குடித்தனம் சுகமாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று அந்த இன்னொரு டிஸ்க்கைத் தட்டினார்.

'இது புத்தம் புதிய டிஸ்க். இதில் இதுவரை எதுவும் எழுதப்படவில்லை.'

ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார். எழுத்து மாறவில்லை. புதிய டிஸ்க் தொடாமல் அப்படியே இருக்கிறது என்றால், அழிந்தது எது?

"சார்... அவ டிஸ்க்கை அழிச்சிட்டோம்."

"அழிச்சிட்டோமா? அழுத்தினது நீங்க" என்று மாடி வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"ஒரு வழி சொல்லுங்க!"

"எலி கடிச்சிருச்சுன்னு சொல்லுங்க."

"எலி கடிச்சா ஒயர் போகும். பள்ளிக்கூடம் எப்படி சார் போகும்?"

"அப்போ இடி விழுந்துச்சுன்னு..."

"வெளிய வெயில் கொளுத்துது!"

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார். லிஃப்ட் மெக்கானிக் அவ்வளவு வேகமாகப் படியேறியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கண்ணாடிக்காரர் தனியாக உட்கார்ந்தார். அரை வருஷ வேலை அந்தப் பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளைகள் கை கழுவும் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று அவள் குழம்பிய நாளில், கடைக்குக் கண்ணாடி போட வந்த பிள்ளைகளையெல்லாம் நிறுத்தி முழங்கை உயரம் அளந்துகொண்டு வந்து கொடுத்தவரே அவர்தான். அவள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. அந்தத் தொட்டி இப்போது இல்லை. அந்த வகுப்பறைகள் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தையே, செங்கல் வைப்பதற்கு முன்னாலேயே, ஒரே விரலால் இடித்துவிட்டார். எலியும் வேண்டாம், இடியும் வேண்டாம் என்று தோன்றியது. ரயிலை நிறுத்தினார்.

சாயங்காலம் அவள் வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்மா."

"உட்கார்ந்து சொல்லுங்க."

நின்றுகொண்டே சொன்னார். ரயில், டிஸ்க், அட்டைப்பெட்டி, ஒன்றுவிடாமல். "உன் பள்ளிக்கூடம் போச்சு. நாளைக்கு நானே வந்து பள்ளிக்கூடத்துக்காரங்க கால்ல விழறேன்."

அவள் முகம் மாறவில்லை. நிதானமாகக் கேட்டாள்: "எந்த நம்பரை அழுத்தினீங்க?"

"பூஜ்யம்."

"ஏன்?"

"லிஃப்ட்ல பூஜ்யம்னா வாசலாம். புதுசா வந்தது வாசல்லதான் நிக்குமாம்..."

அவ்வளவுதான். அதுவரை அடக்கிக்கொண்டிருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, ஒரு பூத்துவாலையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு ஹார்டு டிஸ்க்.

"இதுதான் என்னோடது. காலையில நீங்க குளிக்கப் போனப்பவே கழட்டிட்டேன். எங்க அக்கா வீட்டுச் சோபாவுல என்னோட சேர்ந்து தூங்கிட்டு வருது."

கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் பாதி வழியில் திரும்பி, மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க மாடி வீட்டு சாருக்குச் சொன்னீங்க. அவரு தன் சம்சாரத்துக்குச் சொன்னாரு. அந்த மாடி வீட்டு அக்கா எனக்குச் சொன்னாங்க. அவரு சொல்லலைன்னாலும், நீங்க பாத்திரம் கழுவுறப்பவே பாதி தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் தடுக்கலை?"

"தடுத்தா, எனக்குத் தெரியாத ஒரு நாள்ல பண்ணுவீங்க. தெரிஞ்ச நாள்ல பண்றது நல்லதில்லையா?"

அவருக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. "அப்போ நான் அழிச்சது எதை?"

"பரண்மேல கிடந்த பழைய கணினியில இருந்த டிஸ்க். இடம் காலியா இருந்தா சந்தேகப்படுவீங்களேன்னு மாட்டி வெச்சேன்."

"அதுல ஒண்ணுமில்லையே?"

"உங்க பாட்டுதான் இருந்துச்சு. நீங்களே பாடி, நீங்களே பதிவு பண்ணி வெச்சிருந்தீங்களே."

"ஐயோ! எல்லாமேவா?"

"எல்லாமேதான். இன்னிக்கு அது போனாலும் போயிடும்னு மாடி வீட்டு அக்காவுக்குக் காலையிலேயே போன்ல சொல்லிட்டேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

கண்ணாடிக்காரர் ஒரு நொடி வருந்தப் பார்த்தார். முடியவில்லை. பள்ளிக்கூடம் பிழைத்த சந்தோஷத்தில் பாட்டு எந்த மூலைக்கு? அவரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொடுத்தார். அவள் தன் டிஸ்க்கைப் பழைய இடத்தில் மாட்டினாள். புத்தம் புதியதை எடுத்துப் பத்திரமாக மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். படங்களுக்கு ஒரு நகல் எடுத்துவைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாளாம். பரண் டிஸ்க்கை அவருக்கே விட்டுவிட்டாள். கேட்டதைவிடப் பழசு. ஆனாலும் சொந்தம். ரயில் அதில் ஓடும். மேசையில் அவள் இல்லாத நேரமெல்லாம் அவர் ஓட்டலாம்.

"ஒரு கடவுச்சொல் போட்டுக்கோங்க" என்றாள். "உங்க குடித்தனத்துக்கு உங்க பூட்டு. நான் பார்க்க மாட்டேன்."

சொன்னபடியே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கண்ணாடிக்காரர் மகிழ்ந்துபோனார். உலகத்தில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு சொல்லை வெகுநேரம் யோசித்தார். பிடித்தார். சத்தம் கேட்காமல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கணினி ஏற்க மறுத்தது.

ஜன்னலைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "என் பேரை மட்டும் போட்டா ஏத்துக்காதுங்க. கூடவே எண்ணும் வேணும். நம்ம கல்யாணத் தேதியைச் சேர்த்துக்கோங்க. ஞாபகம் இல்லைன்னா கேளுங்க."

அவர் கேட்டார்.