வெள்ளிக்கிழமை முறை கேட்டு ஒரு மனு

திண்டுக்கல்லில் இதுவரை எழுதப்பட்ட மனுக்களில் பாதியை எழுதியவள் ஒரு பத்தாம் வகுப்புப் பெண் என்றால் நம்பமாட்டீர்கள். மீதிப் பாதியை அவள் திருத்திக் கொடுத்திருப்பாள் என்பது என் சந்தேகம். நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. என் மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் எல்லோருக்கும் அவள் 'மனு அக்கா'.

அவள் அப்பா தறி நெய்கிறவர். வீட்டுப் பட்டாவுக்காகத் திங்கள்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்தவர். அவருக்கு எழுதிக் கொடுத்தே, வாயால் கேட்டால் ஒன்றும் கிடைக்காது என்ற முடிவுக்கு நாலாம் வகுப்பிலேயே வந்துவிட்டாளாம். தண்ணீர்க் குழாய் உயரமாக இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் எம்பி எம்பிக் குடிக்கிறார்கள் என்று ஒரு மனு. கழிவறைக்குத் தாழ்ப்பாள் கேட்டு ஒரு மனு. கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்ட பதினோரு விளையாட்டுப் பீரியடுகளையும் திருப்பித் தர வேண்டும் என்று, தேதிவாரியாக ஒரு மனு.

கொடுத்துவிட்டுப் போகவும் மாட்டாள்.

"பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க டீச்சர்."

"ஏண்டி, நான் என்ன தாசில்தாரா?" என்பார் தலைமையாசிரியை.

"தாசில்தாரா இருந்தா சீலும் கேட்டிருப்பேன் டீச்சர்."

குழாய் இறங்கியது. தாழ்ப்பாள் வந்தது. கணக்கு டீச்சர் மட்டும் பரிசீலனையிலேயே இருந்தார்.

எழுதுவதில் நானும் சளைத்தவள் இல்லை. என் மகள் தர்ஷினி இடது காலில் காலிப்பர் என்ற தாங்குகம்பி மாட்டி நடப்பாள். அவளை ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்றே தலைமையாசிரியையிடம் இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தேன். முதல் பெஞ்சில் உட்கார வைக்கவும். கூட்டத்தில் படியேற விட வேண்டாம். விளையாட்டு வேண்டாம். துடைப்பம் பிடித்து வகுப்பு கூட்டும் முறை கண்டிப்பாக வேண்டாம். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, இது அதிகமோ என்று யோசிப்பேன். குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து இன்னொரு வரி சேர்ப்பேன்.

ஒருநாள் பள்ளியிலிருந்து போன் வந்தது. விழுந்துவிட்டாள் என்றே நினைத்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

தர்ஷினி முழுசாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மனு அக்கா. தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார்.

'பொருள்: ஆறாம் வகுப்பு மாணவி தர்ஷினிக்கு வெள்ளிக்கிழமை வகுப்பு கூட்டும் முறை வழங்கக் கோருதல்.' கீழே காரணம்: 'முறை இல்லாததால் யாரும் அவளோடு சண்டை போடுவதில்லை. சண்டை போடாததால் யாரும் கூட்டுச் சேர்ப்பதும் இல்லை. இடையூறு: அவளுடைய அம்மாவின் கடிதம்.'

வகுப்பே கையெழுத்துப் போட்டிருந்தது.

எனக்குக் காது சுட்டது. "யாரு கேட்டு எழுதின இத?"

"மனுதாரர் கேட்டுத்தான் ஆன்ட்டி."

முதல் கையெழுத்தைப் பார்த்தேன். என் மகளுடையது.

"கூட்டுறப்பதாம்மா எல்லாக் கதையும் பேசுவாங்க," என்றாள் தர்ஷினி, தரையைப் பார்த்தபடி. "நான் வெளிய நிப்பேன். எனக்கு எல்லாமே திங்கக்கிழமதான் தெரியும். அதுக்குள்ள அவங்க சிரிச்சு முடிச்சிருவாங்க."

"நீ கீழ விழுந்துட்டா?"

"எங்க கிளாஸ்லயே வாரத்துக்கு ரெண்டு பேரு விழுறாங்க ஆன்ட்டி. ரெண்டு பேருக்கும் காலு நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனு அக்கா.

மகளை நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வகுப்பு சிரிக்கும்போது அவளை வாசலில் நிறுத்தியது என் கையெழுத்து. என் பழைய கடிதத்தை வாங்கி, அந்த ஒரு வரியை அடித்தேன். அடித்த கையோடு, 'முகக்கவசம் அணிந்து' என்று எழுதப் போனேன். மனு அக்கா என் பேனாவையே பார்த்தாள். கீழே வைத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நாலேகாலுக்கே பள்ளி வாசலில் நின்றேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள், தர்ஷினியைத் தவிர. உள்ளே போகலாமா, போனால் தப்போ என்று கேட்டைப் பத்து முறை தொட்டு விட்டேன். ஐந்து மணிக்கு வந்தாள், தலையெல்லாம் தூசியோடு.

"ஏன்டி இம்புட்டு நேரம்? யாரும் ஒத்தாசைக்கு வரலையா?"

"வந்தாங்கம்மா. கடைசி வரிசை எனக்குன்னு நான்தான் சண்டை போட்டேன். போங்கடின்னு எல்லாரும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க!"

இப்படி ஒரு சந்தோஷத்தோடு அவள் சண்டையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பின்னால் மனு அக்கா வந்தாள், இரண்டு தோளிலும் இரண்டு பை. பத்தாம் வகுப்புக்கு அன்று முறையும் இல்லை, ஸ்பெஷல் கிளாஸும் இல்லை.

"நீ ஏன்மா இன்னும் போகல?"

"சும்மாதான் ஆன்ட்டி. படிக்கட்டுல உக்காந்திருந்தேன்," என்றாள். தர்ஷினியின் பையை என்னிடம் தந்துவிட்டு, தன் ஊருக்குப் போகும் நாலரை மணி பஸ் போய் வெகு நேரமாகிவிட்ட நிறுத்தத்தை நோக்கி மெதுவாக நடந்தாள்.