மீதோ நாத்தோவும் என் வீங்கிய முகமும்

சிகசாகி,
செப்டம்பர் 19

மதிப்பிற்குரிய தோகுஜி அண்ணாவுக்கு,

தம்பி ஹிசாவோ தலைதாழ்த்தி எழுதுவது. வெயில் தணிந்து சிள்வண்டுகளும் ஓய்ந்துவிட்டன. மீதோவில் தங்கள் நாத்தோப் பட்டறையும் தங்கள் முழங்காலும் நலமென்று நம்புகிறேன். இங்கே நானும் மிட்சுயேயும் நலம். அதாவது, இப்போது நலம்.

அண்ணா, இந்த வருஷம் என் முகம் மூன்று தடவை வீங்கியது. முதல் தடவை சாயங்காலம் இறால் தின்னும்போது உள்ளங்கை அரித்து உடம்பெல்லாம் தடித்தது, இறாலை விட்டேன். அடுத்த தடவை கையில் பீர் இருந்தது. அதையும் விட்டேன், அது எப்பேர்ப்பட்ட தியாகம் என்று தங்களுக்குத் தெரியும். சோப்பை மாற்றினோம், தலையணையை மாற்றினோம், பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட மிட்சுயே முறைத்துப் பார்த்தாள். காலையில் மட்டும் தவறாமல், உடம்பு தேறட்டுமென்று, தாங்கள் சோயா மொச்சையைப் புளிக்கவைத்து அனுப்பும் நாத்தோவைச் சோற்றில் போட்டு நூல்நூலாக இழுத்துத் தின்றுவந்தேன். மூன்றாம் தடவை, ஒரு சாயங்காலம், முடிதிருத்தும் கடை நாற்காலியில் இருந்தேன். "ஐயையோ, நான் இன்னும் கத்தியே வைக்கலைங்க, உதடு ஏன் இப்படி வீங்குது?" என்று கடைக்காரர் ஷிமோயாமா அலறினார். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்ட பிறகுதான் உயிர் வந்தது.

அங்கே நருசே என்று ஒரு டாக்டரம்மா. "கடல்ல அலைச்சறுக்கு பண்ணுவீங்களா?" என்றார். பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "முப்பது வருஷமா" என்றேன்.

"ஜெல்லிமீன் கொட்டியிருக்கா?"

"எத்தனை தடவைன்னு கேளுங்க!"

"அப்ப இது நாத்தோ அலர்ஜிங்க."

எனக்கு வந்ததே கோபம்! "எங்கண்ணன் செய்யற நாத்தோங்க அது! அறுபது வருஷமா தின்னுட்டிருக்கேன்!"

"அண்ணன் மேல தப்பே இல்ல. தப்பெல்லாம் ஜெல்லிமீன் மேலதான்."

கேளுங்கள் அண்ணா, நாத்தோவின் நூலில் இருக்கிற அதே வழுவழுப்புப் பொருளை ஜெல்லிமீனும் கொட்டும்போது சுரக்கிறதாம். கொட்டிக் கொட்டி, அதை எதிரியென்று என் உடம்பு படித்துக்கொண்டதாம். வயிற்றில் மெல்ல மெல்லக் கரைவதால் காலையில் தின்றது சாயங்காலம்தான் தாக்குமாம். நாத்தோ தொட்ட ஊசியால் என் கையில் குத்தினார். கால் மணி நேரத்தில் பத்து யென் காசு அளவுக்குத் தடித்து எழுந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மூளையே இல்லாத ஒரு பிராணி சொல்லிக்கொடுத்ததை, நானே அறியாமல், என் தோல் இத்தனை வருஷம் நினைவில் வைத்திருக்கிறது! நம் உடம்புக்குள் யார் யார் குடியிருக்கிறார்களோ, அண்ணா.

இனி நாத்தோ கூடாது. அந்த நூல் இல்லாத மற்ற சோயா பண்டங்கள், மீசோவும் தோஃபுவும் சோயா சாஸும், பாதகமில்லை. அதே வழுவழுப்புப் பொருளைச் சிலவற்றில் கலக்கிறார்களாம், அதனால் கடைப் பொட்டலத்தின் பொடி எழுத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும். மறுபடி வீங்கினால் நானே தொடையில் குத்திக்கொள்ள ஊசிப்பேனா எப்போதும் சட்டைப்பையில். எனவே தயவுசெய்து நாத்தோ அனுப்ப வேண்டாம். காரணம் இன்னதென்று கனவிலும் தோன்றாமல் தின்றுவிட்ட இந்த முட்டாளை மன்னியுங்கள். அண்ணிக்கு என் வணக்கங்கள்; தங்கள் பட்டறை மென்மேலும் செழிக்கட்டும்.

பணிவுள்ள தம்பி,
ஹிசாவோ

பி.கு.: அத்தான், மிட்சுயே எழுதுகிறேன். கனவிலும் தோன்றவில்லை என்பது சுத்தப் பொய். இரண்டாம் தடவைக்குப் பிறகே நாத்தோவின் மேல் சந்தேகப்பட்டு நோட்டில் குறித்துவைத்திருந்தார். நேற்றுதான் என் கண்ணில் பட்டது. கேட்டால், "அண்ணன் மனசு கஷ்டப்படுமே" என்கிறார். ஆம்புலன்ஸில், "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டவர்களிடம், மூச்சுத் திணறிக்கொண்டே, "பட்டினிங்க" என்று சொன்ன மனிதர் இவர். உடனே போன் செய்து நாலு திட்டுத் திட்டுங்கள். நான் திட்டினால் கேட்பதில்லை.