எட்டுக் காலுக்கு மட்டும் அஞ்சுகிறவர்கள்

கணக்கே வராது என்று ஆசிரியர் கைகழுவிவிட்ட அதே கணக்கில் முதல் மதிப்பெண். பெண்ணுக்கு ஒத்துவராது என்று சொந்தபந்தமெல்லாம் உதட்டைப் பிதுக்கிய பாலப் பொறியாளர் வேலை. வாடகையை ஏற்ற வந்த வீட்டுக்காரரையே குறைத்துக்கொண்டு போகவைத்த வாய். இத்தனையும் வென்ற ஒருவர் குளியலறைக் கதவைத் திறந்து, கூரை மூலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணா, நீ முதல்ல போ" என்கிறாரா? சந்தேகமே வேண்டாம். எட்டுக் காலுக்கு மட்டும் அஞ்சும் இனம்.

இந்தத் தங்கையின் அண்ணன் தையல்காரர். பள்ளியைப் பாதியில் விட்டவர். தங்கை சொல்லும் எதையும் நம்புவார், சிலந்தியின் அளவைத் தவிர. தட்டளவு என்று அவள் அலறினால் சட்டைப் பொத்தான் அளவு என்று அவருக்குத் தெரியும்.

பயம் என்று இவர்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். அருவருப்பாம். துண்டை உதறுவார்கள், செருப்பைத் தட்டிப் பார்ப்பார்கள், நாற்காலிமேல் நின்றபடியே கருணையும் பேசுவார்கள்: பாவம், கொல்லக் கூடாது, வெளியே விட்டுவிட வேண்டும். எவ்வளவு வெளியே? அடுத்த தெருவில். இதே தெரு என்றால் அதற்கு வழி தெரிந்துவிடுமாம். அண்ணனும் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, ராஜமரியாதையோடு வழியனுப்பிவிட்டு வருவார்.

அப்போதுதான் பழைய ஆற்றுப் பாலத்தைச் சோதித்து, முதல் தடவையாகத் தன் பெயரில் சான்று தரும் வேலை அவளிடம் வந்தது. தளத்துக்கு அடியில் வெறும் கூடாக இருக்கும் பாலத்தின் வயிற்றுக்குள் ஊர்ந்து போய் விரிசல் பார்த்தவர்தான் சான்றில் கையெழுத்திடலாம். உள்ளே வலை இல்லாத இடமில்லை. அவள் பின்வாங்கினால் அந்த வாய்ப்பைத் தனதாக்கிக்கொள்ளலாம் என்று சக அலுவலர் ஒருவர் பேனாவோடு நின்றார். அண்ணனுக்கு உள்ளே அனுமதி கிடையாது. சாப்பாடு கொண்டுவந்த சாக்கில் வெளியே நின்றார், கையில் டம்ளரோடு.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் கேட்டது. "கொஞ்சம் தள்ளிக்குங்க... ஆங், அங்கயே இருங்க."

"உள்ள யார்கிட்ட பேசறாங்க?" என்றார் சக அலுவலர்.

"குடியிருக்கிறவங்ககிட்ட" என்றார் அண்ணன்.

மாலையில் தலை நிறைய ஒட்டடையோடு வெளியே வந்தவள், பாலம் உறுதியாக இருக்கிறது என்று நிதானமாகக் கையெழுத்திட்டாள். பேனாவை மூடிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணா, தோள்ல ஒண்ணு உக்காந்திருக்கு. அப்பவே தெரியும். கை ஆடிடக் கூடாதுன்னு பேசாம இருந்தேன். எடுத்துடு."

"எங்க விடறது?"

"அக்கரைல."

டம்ளரும் கையுமாக, தங்கை உறுதி சொன்ன பாலத்தின்மேல் முதல் ஆளாக நடந்தார் அண்ணன். சிலந்தி பொத்தான் அளவுதான். ஆனால், கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர் கையை விரித்துக் காட்டியது தட்டளவு.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். படிக்கும்போது எத்தனை தடவை கூரை மூலையைப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள்.

தையல்கடையில் ஒரு மூலைக்கு மட்டும் இப்போதெல்லாம் ஒட்டடைக்கோல் போவதில்லை. அதற்குக் கீழே, சுவரில், துணிக்குக் குறியிடும் சுண்ணக்கட்டியால் அண்ணன் எழுதியிருக்கிறார்: தங்கையின் முதல் கையெழுத்து, அக்டோபர் பதினேழு.