வாடிப்பட்டியில் அணுப்பொருத்தம்

ஜாதகம் பழசாம். பத்துப் பொருத்தமும் பழசாம். "இனிமே அணுப்பொருத்தந்தான்!" என்று எழுபத்தொன்பதாம் வருஷம் வாடிப்பட்டித் திடலில் கொட்டகை போட்டு மைக்கில் முழங்கினார் அணுவானந்த சாமி. சிம்மக்கல்லிலிருந்தெல்லாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தது சனம். கொட்டகையைச் சுற்றிக் காப்பிக்கடை, பூக்கடை, தேங்காய்க்கடை எல்லாம் முளைத்தன. மூளைக்கு மட்டும் கடை இல்லை. கேட்பாரில்லாத சரக்கை எவன் விற்பான்?

முதல் வரிசையில் ஒரு முட்டாள் கைகட்டி உட்கார்ந்திருந்தான். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் வாத்தியார். நான்தான்.

என் அக்கா மகளும் என் வகுப்பிலேயே படித்தவளுமான ஒச்சம்மாளுக்கும் பம்புசெட் மெக்கானிக் நல்லகாமனுக்கும் நிச்சயமாகியிருந்தது. இருவருக்கும் கொள்ளை ஆசை. மாப்பிள்ளையின் தாய் ராமக்காளுக்கு மட்டும் சாமி வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தடுத்திருக்க வேண்டிய தாய்மாமன், "சயின்ஸ்படி பாக்குறாராம்ல, போவோம்" என்று எல்லாருக்கும் முன்னால் நடந்தான்.

சாமி பேசினார்: "ஒவ்வொரு அணுவுலயும் எலெக்ட்ரான் ஒரு மேகம். அது உலவுற எடந்தான் ஆர்பிட்டால். ரெண்டு அணு நெருங்குனா ரெண்டு மேகமும் ஒண்ணுமேல ஒண்ணு படியும். அலையோட அலை கூடுனா பந்தம். அலையை அலை அழிச்சா பகை. எதுன்னு தண்ணி சொல்லும்!"

எனக்குப் புல்லரித்தது. இதே பாடத்தை நான் நடத்தினால் வகுப்பில் மின்விசிறி மட்டும்தான் விழித்திருக்கும். இங்கே சனம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது! நம்ம பாடத்துக்கு இம்புட்டு மரியாதையா என்ற பெருமையில், இருந்த கொஞ்ச புத்தியும் கரைந்தது.

சடங்கு எளிது. இரண்டு கூஜாவிலிருந்து இரண்டு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர். பெண் ஒன்றில் விரல் நனைப்பாள், மாப்பிள்ளை மற்றதில். இரண்டையும் சேர்த்து ஊற்றி, நிறம் மாறாவிட்டால் பந்தம். சிவந்தால் பகை, பரிகாரத்துக்கு ஒரு கறவை மாடு. மாடில்லாத வீட்டாருக்கு மட்டும் சாமி வேறொரு கூஜாவை எடுப்பார். தண்ணீர் சிவக்காது. தெய்வத்துக்கு எவ்வளவு கருணை! அக்கா வீட்டிலோ மாடு உண்டு.

ஊற்றினார். ரோஜாப்பூவாய்ச் சிவந்தது.

"ஆத்தாடி!" என்று ராமக்காள் எழுந்துவிட்டாள். "இந்தச் சம்பந்தமே வேணாம். எந்திரிடா!"

"பரிகாரம் இருக்கு தாயி."

"மாட்டக் குடுத்தாலும் எம் மனசு ஆறாது சாமி."

நல்லகாமன் முகம் செத்துப்போயிற்று. நான்? "சயின்ஸாச்சே" என்று தலையைச் சொறிந்தேன்.

ஒச்சம்மாள் அசையவில்லை. அடுத்த ஜோடிக்கு, அதுவும் மாடு நிறைய உள்ள ரைஸ்மில் வீட்டு ஜோடிக்கு, ஊற்றி வைத்திருந்த தம்ளர் இரண்டிலும் தன் விரலையே நனைத்தாள்.

"எனக்கும் எனக்கும் பொருத்தம் பாக்குறேன் சாமி."

"ஏய், தொடாத!"

ஊற்றிவிட்டாள். அதே சிவப்பு.

"ஏஞ்சாமி, எனக்கும் எனக்குமே ஆகலையா? நான் யாரத் தீத்துவிட்டுட்டு யாரு கூட வாழுறது?"

கொட்டகை குலுங்கியது. ராமக்காள் விடுவாளா? கூஜாக்களை இழுத்துத் தானும் ஊற்றினாள், விரலை நனைத்தாள், சேர்த்தாள். சிவந்தது.

"அறுபது வருசமா எங்கூடத்தானய்யா நான் குடியிருக்கேன்! எனக்கும் எனக்கும் பகையா?" ஒரு கூஜாவை மோந்து பார்த்தாள். "அட, சுண்ணாம்புத் தண்ணி! ஆரத்திக்கு மஞ்சள்ல இதைச் சேத்தாச் செவக்குது, இங்க வேற எதுலயோ சேத்துச் செவக்குது. மாட்டுக்கு ஆசப்பட்டு எம்மகன் வாழ்க்கையைக் கெடுக்கப் பாத்தியே!"

சாமி கொட்டகையின் பின்பக்கமாக நழுவி அணுவைவிடச் சின்னதாகிவிட்டார்.

ஒச்சம்மாள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, ரெண்டு ஆர்பிட்டால் சேந்தா பந்தமும் பகையும் ரெண்டுமே பெறக்கும், எலெக்ட்ரான் மொதல்ல பந்தத்துலதான் போயி உக்காரும்னு நீங்கதான நடத்துனீங்க? இவரு ஒண்ணை மட்டும் எப்படிப் பெறக்க வச்சாரு?"

"அன்னைக்கு நீ தூங்கலையா?"

"இன்னைக்குத் தூங்குனது நீங்கதான் மாமா."

மற்ற கூஜாவில் இருந்தது ஃபீனால்ப்தலீன். ஆய்வகத்தில் நான் தினமும் சொட்டுச் சொட்டாக விடுவது. பேதி மாத்திரையிலும் அதுதான். சுண்ணாம்பு பட்டதும் அதன் மூலக்கூறின் நடுப்பகுதி தட்டையாகும். ஆர்பிட்டால்கள் வரிசையாகப் படிந்து கைகோக்கும். எலெக்ட்ரான் நெடுகப் பரவும். அந்தச் சிவப்பு அப்படித்தான் வருகிறது. பகை என்று சாமி காட்டியது சேர்க்கையின் நிறம்! அதைப் பார்த்து ஒரு கல்யாணத்தை நிறுத்தப் போனோம். அதற்கு வேதியியல் பட்டம் பெற்ற ஒரு கழுதை தலையாட்டியது.

தையில் கல்யாணம். ராமக்காளே ஆரத்தி கரைத்தாள். செக்கச்செவேலென்று சிவந்தது. யாரும் அலறவில்லை.

ஐயா, தாய்மாரே, படித்ததையும் பார்ப்பதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். அதற்குச் சாமியாரும் வேண்டாம், என்னைப் போன்ற வாத்தியாரும் வேண்டாம். மூளை போதும், அதற்குப் பரிகாரமாக எவனும் மாடு கேட்கமாட்டான்.