றோலண்ட் சேர் ராக்கை தேடிய கதை

உலகத்தில் கேட்டு நம்புகிறவர்கள் உண்டு, பார்த்து நம்புகிறவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது, வாசகரே: ஆட்டிப் பார்த்து நம்புகிறவர்கள். கல்யாண வீட்டில் உட்காருமுன் நாற்காலியை நாலு பக்கமும் உலுக்குவார்கள். பஸ்ஸில் ஏறியதும் தலைக்கு மேலுள்ள கம்பியை இழுத்துப் பார்ப்பார்கள். கையோடு வந்துவிட்டால், "நான் அப்பவே சொன்னேன்ல?" வராவிட்டால்? இன்னும் பலமாக இழுப்பார்கள்.

கொட்டகலையில் கணக்குப் படிப்பிக்கும் றோலண்ட் சேர் இந்த இனத்தின் சிகரம். கொழும்புக்குக் குடிபோன கொழுந்தியாள் யூஜினா, தன்னுடைய மூன்றடி மீன் தொட்டியையும் ஐந்து தங்கமீன்களையும் சேரின் மனைவியான அக்கா மார்கிரட்டிடம் விட்டுப் போனாள். மீன்கள் உடுப்பு ஊறவைக்கும் பேசினில் குடியேறின. தொட்டியை வைக்க ஒரு ராக்கை வாங்க வேண்டும். இரண்டு நாள் வேலை.

இரண்டு மாதம் ஆனது. சேர் கொட்டகலைக் கடைகளை முடித்து ஹட்டனுக்குப் போனார், ஹட்டனை முடித்து நுவரெலியாவுக்குப் போனார், மரத்தூள் அழுத்திய சிப்போர்ட் ராக்கையை ஆட்டினார், அது அழுதது. தேக்கு ராக்கையை ஆட்டினார், கடைக்காரர் அழுதார். கடைசிக் கடையில், "ஐயா, நீங்க வெளியில நின்னே பாருங்க" என்று கும்பிட்டே விட்டார்கள்.

அன்று சேர் வீடு திரும்பியபோது, பேசினிலிருந்து துள்ளிய ஒரு மீனைக் கட்டிலுக்கடியிலிருந்து மீட்டுக்கொண்டிருந்தாள் மார்கிரட்.

"என்னங்க, இந்தக் கிழமைக்குள்ள ராக்கை வரலன்னா மீனை எல்லாம் யூஜினாகிட்டயே அனுப்பிருவேன். கூடவே உங்களையும்."

சேர் பயந்துபோனார். மறுநாளே வெல்டிங் கடை சோலைமலையைப் பிடித்தார். மூன்றே நாளில் தடித்த இரும்புக் கால்களும் கனத்த பலகையுமாக ஒரு ராக்கை வந்திறங்கியது. நாலு பேர் மூச்சுவாங்கத் தூக்கி முன்னறையில் வைத்தார்கள். சேர் ஆட்டினார். அசையவில்லை. ஏறி நின்றார். அசையவில்லை. சோலைமலையையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்.

"தண்ணி, கல்லு, கண்ணாடி எல்லாம் சேத்தா மூணு மூட்டை சீமெந்து கனம் வரும். தாங்குமா?"

"லொறியவே ஏத்தலாம் சேர்."

இருவரும் இறங்கியதும் மார்கிரட் குசினியிலிருந்து ஒரு தேசிக்காயைக் கொண்டுவந்து பலகையின் நடுவில் வைத்தாள். அது மெதுவாக உருண்டு, ஜன்னல் பக்கமாகக் கீழே விழுந்தது.

"பலமாத்தான் இருக்கு. மட்டமா இருக்கா?"

சோலைமலை தலையைச் சொறிந்தார். "அக்கா சொல்றது சரிதான் சேர். தரை சரிவு. ராக்கை நிக்கும். ஆனா தண்ணி ஒரு பக்கமா அமுக்கும், கண்ணாடி வெடிச்சிரும்."

சேரின் காது சிவந்தது. மூன்று ஊர் ராக்கைகளை விசாரித்தவர், தன் வீட்டுத் தரையை ஒரு வார்த்தை கேட்கவில்லை! மண்டியிட்டார். குமிழி ஓடும் ரசமட்டத்தை வைத்து, தாழ்ந்த கால்களுக்கடியில் இரும்புத் தகடுகளைச் செருகி, பலகைமேல் மெத்தென்ற ரெஜிபோம் அட்டை விரித்து, குமிழி நடுவுக்கு வரும்வரை எழும்பவில்லை. பின்னேரம் தொட்டி ஏறியது, தண்ணீர் நிறைந்தது. ஐந்து மீன்களும் இரண்டு மாதத்துக்குப் பிறகு உடம்பைத் திருப்ப இடமிருப்பதைக் கண்டு மயங்கி நின்றன. மார்கிரட் கைதட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக சேர் இன்னும் பத்து ராக்கைகளைத் தூக்கியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு யோகேஸ்வரன் பார்க்க வந்தார்.

"பிரமாதம் சேர்! எப்படிச் செஞ்சீங்க?"

"முதல்ல மட்டம் பாக்கணும் யோகேஸ். பலமெல்லாம் பிறகு. எனக்கு ஆரம்பத்திலயே தெரியும்" என்ற சேர், "இருந்தாலும் பலத்தையும் பாருங்களேன்" என்று ராக்கையின் காலைப் பிடித்தார்.

"கைய எடுங்க!" குசினியிலிருந்து குரல் வந்தது. எடுத்துவிட்டார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யார் முகம் ஞாபகம் வந்தது? மச்சானா? மேலதிகாரியா? அவரிடமே இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்து, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவர் யாரைப் பார்க்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.