வட்டகொடையில் நான் சொன்ன ‘லவ்’

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், தோட்டத்துத் துரையிடம் லீவு கேட்கப் போதுமானது. அதைப் பெண் பார்க்கப் போன இடத்துக்கும் கொண்டுபோனதுதான் என் கெட்ட நேரம்.

அப்போது நான் இலங்கையில் தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் சின்னக் கிளாக்கர். பெண்ணின் அப்பா வட்டகொடையில் பெரிய கிளாக்கர். வீட்டு நாயிடமும் இங்கிலீஷில்தான் பேசுவார். (நாய்க்குப் புரிந்தது.)

மாமாவோடு போயிருந்தேன். பெண் ராஜேஸ்வரி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனாள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது.

“டு யூ லைக் மை டாட்டர்?” என்றார் அப்பா.

‘லைக்’ என்பது பிஸ்கட்டுக்கும் கேரட்டுக்கும் சொல்கிற வார்த்தையாயிற்றே! கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குக் கொஞ்சம் கனமாகச் சொல்வதுதான் மரியாதை என்று, “ஐ ஆம் இன் லவ் வித் ஹெர், சார்!” என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். சட்டென்று தமிழுக்கு வந்தார். “லவ்வா? எத்தன நாளா நடக்குது இது?”

பெண்ணின் அம்மா ஓடிவந்தார். “என்னங்க சொல்றாரு?”

“ஒம் மக இவரோட பழகிக்கிட்டு இருந்திருக்கா!”

அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “அடப்பாவி, எங்கிட்டகூட சொல்லலியேடா” என்று மாமா என் காதைக் கடித்தார்.

“நோ சார்! ஐ டோன்ட் லவ் ஹெர்!” என்று பதறினேன்.

“அப்ப எதுக்குய்யா வந்த?”

“ஐ ஆம் ஒன்லி ஃபாண்ட் ஆஃப் ஹெர்...”

“நாய் மேலகூடத்தான் நான் ஃபாண்டா இருக்கேன்!”

நாய் வாலாட்டியது. மாமா செருப்பைத் தேடினார். அப்போது ராஜேஸ்வரியே வெளியே வந்தாள்.

“தமிழ்ல சொல்லுங்க. என்னைய புடிச்சிருக்கா, இல்லியா?”

“புடிச்சிருக்குங்க.”

“முன்னாடி பார்த்திருக்கீங்களா?”

“சத்தியமா இல்லீங்க.”

அவள் அப்பாவிடம் திரும்பினாள். “நானும் இன்னைக்குத்தான் பாக்குறேன். இவருக்கு இங்கிலீஷ் வரலப்பா, அவ்வளவுதான்.”

என்னை ஒரே மூச்சில் அவமானப்படுத்திக் காப்பாற்றியவள் அவள் ஒருத்திதான். கல்யாணம் நடந்தது. ஆனால் மாமியார் மட்டும் கடைசிவரை நம்பவில்லை. “அதுங்க லவ் பண்ணிக் கட்டிக்கிட்டதுங்க” என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்தார்.

வருஷங்கள் கழித்து என் மகள் தானே ஒரு பையனைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். “எங்களக் கேக்காம எப்படி?” என்று குரலை உயர்த்தினேன்.

“நீங்க மட்டும் கேட்டுக்கிட்டா செஞ்சீங்க? அம்மாச்சி எல்லாத்தையும் சொல்லியிருக்காங்கப்பா.”

உண்மையைச் சொல்லட்டும் என்று ராஜேஸ்வரியைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்தப் பையன்தான் இன்று என் மருமகன். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, “எல்லாம் மாமா போட்ட பாதைங்க” என்கிறான்.